பட்டத்துப் பூனைக்குப் பசிக்கவில்லை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டில், மகாராஜாவுக்கு ஒரு பூனைக்குட்டி மேல் ஆசை வந்தது. பட்டத்து யானை இருக்கும்போது பட்டத்துப் பூனை ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். அன்றே குட்டிக்குச் சௌந்தர்யவல்லி என்று பெயர் சூட்டி, தங்கத்தட்டும் கொடுத்தார்கள்.

குட்டிதான் சாப்பிடவில்லை. வறுத்த மீனை வைத்தால் மோந்து பார்க்கும். பிறகு மண் தள்ளி மூடுவதுபோல் பளிங்குத் தரையைப் பாதத்தால் சுரண்டிவிட்டுப் போய்விடும். பூனை எதை அப்படி மூடும் என்று எல்லோருக்கும் தெரியும். மகாராஜாவிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. குட்டிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மகாராஜாவுக்குக் கண் கலங்கியது.

பிரதானி அனந்தமூர்த்திக்கு அரசவை விகடன் பூவலிங்கத்தைக் கண்டாலே ஆகாது. எழுந்து வணங்கினார்.

"பிரபு! நாட்டையே சிரிக்க வைக்கும் பூவலிங்கம் ஒரு குட்டியைச் சாப்பிட வைக்கமாட்டானா? ஆனால் அதைத் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, அரண்மனை வழக்கம் எதையும் மீறக் கூடாது."

"நல்ல யோசனை. பூவலிங்கம்! நாளை மதியம் சௌந்தர்யவல்லி சாப்பிட வேண்டும். இல்லையென்றால், அதற்குப் பிறகு நீ இந்த நாட்டில் சாப்பிட வேண்டாம்."

"உத்தரவு, பிரபு" என்றான் பூவலிங்கம். பயத்தைவிட ஒரு கேள்விதான் அவனை அதிகம் அரித்தது: மீனை வேண்டாம் என்று சொல்லும் பூனை எப்படி இருக்க முடியும்?

நேராக மடைப்பள்ளிக்குப் போனான். சமையற்காரன் தாண்டவன் மீன் வறுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணே, நாட்டை விட்டுக் கெளம்புறீங்களாமே? வழிக்குப் புளிச்சோறு கட்டித் தரவா?"

"கொஞ்சம் இருப்பா. உன் காலடியிலே அது யாரு?"

குட்டிதான். வாலைத் தூக்கிக்கொண்டு தாண்டவன் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"தெனமும் வரும் அண்ணே. இங்க வச்சுப் போட்டா என் தலை போயிடும். தட்டு பின்னாலேயே ஓடும், அங்க போனதும் மகாராணி ஆயிடும்."

பூவலிங்கமும் தட்டின் பின்னாலேயே போனான். அரச உணவு எதுவானாலும் பிரதானி முதலில் சோதிக்க வேண்டும் என்பது வழக்கம். அனந்தமூர்த்தி ஒரு துணுக்கை வாயில் போட்டு, கண்ணை மூடி, சாய்ந்து உட்கார்ந்தார். விஷம் இருந்தால் சாக வேண்டும். எல்லோரும் காத்திருந்தார்கள். நெடுநேரம் ஆயிற்று. அவர் சாகவில்லை. அந்தச் செய்தியைச் சங்கு ஊதி அறிவித்த பிறகே தட்டு குட்டியின் முன் வைக்கப்பட்டது.

பூவலிங்கம் மீனைத் தொட்டுப் பார்த்தான். ஆற்றுக் கூழாங்கல் போல் சில்லிட்டிருந்தது. வாசனையும் போயிருந்தது.

மறுநாள் மதியம் சபை கூடியது.

"பிரபு, இன்று சோதிக்கும் பொறுப்பை அடியேனுக்குத் தர வேண்டும். பிரதானி செத்தால் நாட்டுக்கு நஷ்டம்" என்றான் பூவலிங்கம்.

"தாராளமாகத் தரலாம்!" என்றார் அனந்தமூர்த்தி, மகாராஜாவுக்கு முன்பாகவே.

அடுப்பிலிருந்து இறங்கிய மீன் ஆவி பறக்க வந்தது. பூவலிங்கம் தங்கத்தட்டைத் தரையில் வைத்து, குட்டிக்கு முதுகைக் காட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு துண்டு தின்றான். இன்னொன்று. மற்றொன்று.

"நிறுத்து! சோதிக்கச் சொன்னால் விருந்தா சாப்பிடுகிறாய்?" என்று கத்தினார் பிரதானி.

"எவ்வளவு தின்று சோதிப்பது என்று வழக்கத்தில் இல்லையே, சுவாமி. துணுக்கைத் தின்றுவிட்டுச் சாவுக்குக் காத்திருப்பானேன்? நான் தின்றுகொண்டே இருக்கிறேன். தின்பது எப்போது நிற்கிறதோ, அப்போது விஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. பூவலிங்கத்துக்குத் திரும்பிப் பார்க்க ஆசை. பார்த்தால் காரியம் கெட்டுவிடும். இரண்டே துண்டுகள் மீதி.

முழங்கையில் ஈரமாக எதுவோ பட்டது. கைக்கு அடியில் ஒரு சின்னத் தலை நுழைந்தது. உர்ரென்று உறுமிக்கொண்டு பெரிய துண்டை இழுத்தது.

"சங்கு ஊதவில்லை! வழக்கம் போயிற்று!" என்று அலறினார் பிரதானி.

"நான்தான் இன்னும் சாகவில்லையே, ஊதச் சொல்லுங்கள்" என்றான் பூவலிங்கம்.

ஊதினார்கள். குட்டி தலையைக்கூடத் தூக்கவில்லை. முதல் துண்டை முடித்து அடுத்ததில் வாய் வைத்தது.

"இன்னும் கொண்டு வாருங்கள்!" என்று துள்ளி இறங்கினார் மகாராஜா. இரண்டாம் தட்டு வந்ததும் குனிந்து பார்த்தார். "இதிலிருந்து ஏன் புகை வருகிறது?"

"சூடு, பிரபு."

பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் சாகாததற்காகக் காத்திருந்தே சாப்பிட்ட மகாராஜா, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். நாக்கு சுட்டது. ஒற்றைக் காலில் குதித்தார். பிறகு கிரீடம் சரியச் சரியச் சிரித்தார்.

"அடப்பாவிகளா! மீன் இப்படியா இருக்கும்?"

எண்ணெய்க் கையோடு தம் முத்துமாலையைக் கழற்றிப் பூவலிங்கத்தின் கழுத்தில் போட்டார். நாளை முதல் பிரதானி அடுப்படியில் உட்கார்ந்து, சுடச்சுட, நிறுத்தாமல் தின்று சோதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அனந்தமூர்த்தி அடுப்பு இருக்கும் திசையைப் பார்த்தார்.

சௌந்தர்யவல்லி எதையும் கவனிக்கவில்லை. அது இப்போது மகாராஜாவின் பங்கில் வாய் வைத்திருந்தது.