எமன் மூக்கில் சறுக்கிய எருமை

ஆம்பல் குளத்துச் சேற்றில் மேகநாதன் என்ற எருமைக்கடா படுத்திருந்தது. அது படுத்தால் பாதிக் குளம் நிறைந்துவிடும். வாயைத் திறந்தால் மீதிக் குளமும் நிறைந்துவிடும். அவ்வளவு பேச்சு!

ஒவ்வொரு பனிக்காலமும் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அந்தக் குளத்துக்கு வரும். அந்த வருஷம் வந்த வாத்து ஒன்று கரையில் நின்று தன் ஊர்ப் பெருமையை அளந்துகொண்டிருந்தது.

"எங்க மலையில பனி கொட்டிக் கிடக்கும். காலில் பலகையைக் கட்டிக்கிட்டு உச்சியிலிருந்து சர்ருன்னு சறுக்கி வருவாங்க. பனிச்சறுக்குன்னு பேரு! அதெல்லாம் உங்களுக்கு எங்கே தெரியப் போகுது? நீங்க சேத்துல பிறந்து சேத்துல புரளுற கூட்டம்!"

மேகநாதனுக்குச் சுருக்கென்று தைத்தது. சட்டென்று எழுந்து நின்றது. குளத்துத் தண்ணீர் ஒரு முழம் இறங்கியது.

"நான் சறுக்கிக் காட்டுறேன்! அதுவும் சாதாரணச் சரிவில் இல்லை. இருக்கிறதிலேயே செங்குத்தான சரிவில்!"

அதன் முதுகில் உட்கார்ந்து உண்ணி கொத்திக்கொண்டிருந்த கொக்குகள் இதைக் கேட்டன. பொழுது சாய்வதற்குள் ஒன்பது குளங்களுக்குச் செய்தி பறந்துவிட்டது. இனிமேல் பின்வாங்கினால் எந்தக் குளத்திலும் தலைகாட்ட முடியாது.

"என்னங்க, வரப்பு ஏறுறதுக்கே நீங்க மூணு தடவை நின்னு மூச்சு வாங்குவீங்களே! நமக்கு எதுக்கு இந்த வேலை?" என்றது அதன் மனைவி மையாள்.

எருமைமேல் மழை பெய்த மாதிரி என்று சும்மாவா சொன்னார்கள்? மேகநாதன் காதை ஒருமுறை ஆட்டியதோடு சரி. கணவனைத் தனியே அனுப்ப மனமில்லாமல் மையாளும் கூடவே கிளம்பியது.

இரண்டும் பத்து மாதம் நடந்தன. வழியில் தென்பட்ட வைக்கோல்போர்களையெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டே நடந்ததால் அவ்வளவு நாள் ஆயிற்று. மலையடிவாரத்தை அடைந்தபோது அடுத்த பனிக்காலம் தொடங்கியிருந்தது. மூக்கில் வழிந்தது மூக்கிலேயே உறைந்தது.

அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஒரு பலகை: "தொட்டில் சரிவு. கற்றுக்குட்டிகளுக்கு மட்டும்." வலது பக்கம் அதைவிட மூன்று மடங்கு பெரிய பலகை: "எமன் மூக்கு. வீரர்களுக்கு மட்டும்! இதுவரை ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை!"

தொட்டில் சரிவை நடத்தியது டோல்மா என்ற சடையெருமை. உடம்பெல்லாம் தரையைத் தொடும் சடை. பேச்சில் மட்டும் வளவளப்பே கிடையாது.

"இதுக்கு முன்னால சறுக்கியிருக்கீங்களா?" என்று கேட்டது டோல்மா.

"குளத்துக் கரையில் ஒருமுறை..." என்று இழுத்தது மேகநாதன்.

"அப்போ கற்றுக்குட்டி. இந்தப் பக்கம் வாங்க."

மேகநாதனுக்கு ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "குட்டியா? யாரைப் பார்த்துக் குட்டி என்கிறாய்? நான் கடா! ஐந்து குட்டிகளுக்கு அப்பன்!"

"ஐம்பது குட்டிக்கு அப்பனாக இருந்தாலும் பனிக்குப் புதுசுன்னா கற்றுக்குட்டிதான். முதல் நாள் விழ மட்டும்தான் சொல்லித் தருவேன். ரெண்டாவது நாள் நிற்க. மூணாவது நாள்தான் சறுக்க."

"விழக் கற்றுக்கொள்ளவா பத்து மாதம் நடந்து வந்தேன்?"

அந்த நேரத்தில் தொட்டில் சரிவில் நாலைந்து முயல்கள் உருண்டு விழுந்து, எழுந்து, விழுந்து சிரித்துக்கொண்டிருந்தன. சரிவு மெல்ல மெல்லச் சமதளமாகி, ஒரு பெரிய மைதானத்தில் போய் முடிந்தது. பலகையை நிறுத்தத் தெரியாத முயல்கூட அந்த மைதானத்துக்கு வந்ததும் தானாக நின்றுவிட்டது. மையாள் அதைக் கவனித்தது. மேகநாதன் கவனித்ததோ முயல்களின் உயரத்தைத்தான். இந்தப் பொடிசுகளோடு தான் உருளுவதை எந்த வாத்தாவது பார்த்துத் தொலைத்தால்?

"வாங்க அண்ணாச்சி, வாங்க!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

திரும்பினால் ஒரு நரி! எந்த ஊர் ஆளைக் கண்டாலும் அந்த ஊர்ப் பேச்சிலேயே பேசுவது அதன் தொழில். எமன் மூக்குச் சரிவு அதனுடையதுதான்.

"உங்களைப் போய்த் தொட்டிலில் போடப் பாக்காங்களே! இந்தக் கொம்பென்ன, இந்தத் திமிலென்ன!"

எருமைக்குத் திமில் கிடையாது. ஆனாலும் மேகநாதன் அதை மறுக்கவில்லை.

"அண்ணாச்சி, எமதர்மராஜா எதில் ஏறிப் போறாரு?"

"எருமையில்! எங்கள் முப்பாட்டன் முதுகில்தான்!"

"பொறவு என்ன? இது எமன் மூக்கு! உங்க முதலாளி வீட்டுக்கு நீங்க போறதுக்கு யாரு தடை சொல்ல முடியும்?"

மேகநாதன் பூரித்துப்போனது. உலகத்தில் வேறு எந்தப் பிராணியும் அந்தப் பெயரைக் கேட்டதும் நாலடி பின்னால் போகும். எருமை மட்டும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்ததுபோல் முன்னால் போனது.

மையாள் குறுக்கே வந்து நின்றது. "நரியாரே, அங்கே சறுக்கினவங்க எல்லாருக்கும் பிடிச்சிருந்ததா?"

"ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லை தாயி!"

"யாருக்காவது அடி பட்டிருக்கா?"

"அடி பட்டுதுன்னு யாரும் வந்து சொன்னதில்லை!"

"கீழே போனதும் எப்படி நிற்கிறது?"

"நிற்க வேண்டிய அவசியமே வராது! கீழே எங்க சொந்தக்காரங்க இருக்காங்க. நல்லா வரவேற்பாங்க. வர்றவங்களைக் கண்டா அவங்களுக்கு உசுரு!"

நரி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மையாள் கணவனை ஒதுக்குப்புறமாக இழுத்தது. "என்னங்க, அங்கே போனவங்க யாராவது திரும்பி வந்தாங்களான்னு கேளுங்க. ஆழம் தெரியாம காலை விடாதீங்க!"

"ஊருக்குப் போய்த் தொட்டிலில் ஆடினேன் என்று சொல்லச் சொல்கிறாயா? ஒன்பது குளமும் சிரிக்கும்!" என்று சீறியது மேகநாதன்.

அன்று பிற்பகல் மேகநாதன் நரியின் குகை வாசலில் வைக்கோல் தின்றபடி நாளைய வெற்றியை அசைபோட்டது. மையாளோ முயல்களோடு சேர்ந்து விழக் கற்றுக்கொண்டது. "ஓடுற ஓட்டத்தில் நிற்கப் பாக்காதீங்க. பக்கவாட்டில் சாஞ்சு படுங்க. பாரம் முழுக்கப் பனியில் அழுந்தட்டும்" என்றது டோல்மா. "இதைத்தானே நாங்க தினம் குளத்தில் செய்யறோம்!" என்று வியந்தது மையாள். அந்த வகுப்பில் அதைவிட அழகாக யாரும் விழவில்லை.

மறுநாள் காலையில் நரி மேகநாதனை உச்சிக்குக் கூட்டிப்போனது. நான்கு கால்களிலும் நான்கு தேவதாருப் பலகைகளைக் கட்டியது. மேகநாதன் மெல்லக் கீழே எட்டிப் பார்த்தது.

கீழே ஒன்றுமே இல்லை. கொஞ்ச தூரம் வெள்ளைச் சரிவு. அதற்கப்புறம் சரிவு மூக்குமாதிரி நீண்டு, நுனியில் அப்படியே முடிந்துபோயிருந்தது. அதற்குக் கீழே பள்ளத்தாக்கு. மேகநாதன் ஓரடி பின்னால் நகர்ந்தது. குளத்தை நினைத்துக்கொண்டது. இளஞ்சூடான அந்தச் சேற்றை நினைத்ததும் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகமோ?" என்றது ஈனக் குரலில்.

"திரும்பிப் போகணுமா அண்ணாச்சி? ஒண்ணும் தப்பில்லை. தொட்டிலில் எப்பவும் இடம் இருக்கும். முயல்கள் கொஞ்சம் தள்ளி உக்காரும்!"

அவ்வளவுதான். மேகநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை முன்னால் வைத்தது.

பனி சீறியது. காது இரண்டும் பின்னால் மடங்கின. கண்ணைத் திறந்தபோது மூக்கின் நுனி அதை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கில் வரிசையாக ஏழு நரிகள் உட்கார்ந்திருந்தன. ஏழும் நாக்கைச் சப்புக்கொட்டின. நரி சொன்ன சொந்தக்காரர்கள் யார், வரவேற்பு என்றால் என்ன என்பதெல்லாம் அந்த நொடியில் மேகநாதனுக்கு விளங்கிவிட்டது.

"ஐயோ மையாளே!" என்று அலறியது.

"படுங்க!" டோல்மாவோடு பின்தொடர்ந்து வந்து பக்கத்து மேட்டில் நின்ற மையாளின் குரல் வந்தது. "நிற்கப் பாக்காதீங்க! குளத்தில் படுக்கிற மாதிரி சாஞ்சு படுங்க!"

ஒரு நொடி மேகநாதன் தயங்கியது. படுப்பதா? நரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதா? சாகப்போகிற நேரத்திலும் அதற்கு மானம் போய்விடுமே என்றுதான் கவலை! நல்லவேளை, மானத்தைவிட உடம்பு புத்திசாலியாக இருந்தது. பத்து வருஷம் குளத்தில் படுத்த பழக்கத்தில் அது தானாகச் சாய்ந்து விழுந்தது.

பனி கிழிந்தது. பலகைகள் ஒடிந்தன. ஒரு பாறையில் மோதி வலது கொம்பு முறிந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. இடது கொம்பு மூக்கு நுனியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தேவதாரு வேரில் மாட்டிக்கொண்டது. பின்னங்கால்கள் அந்தரத்தில் தொங்கின.

டோல்மா கயிற்றோடு ஓடி வந்தது. அதுவும் மையாளும் மூச்சைப் பிடித்து இழுத்து மேகநாதனை மேலே கொண்டுவந்தன. கீழே இருந்த ஏழு நரிகளும் கொம்பை முகர்ந்து பார்த்து, அதில் சதை இல்லை என்று முணுமுணுத்தபடி கலைந்தன.

மையாள் கணவனின் முறிந்த கொம்பை நக்கிக்கொடுத்தது. திட்ட வேண்டும் என்று எவ்வளவோ நினைத்திருந்தது. அதற்குப் பதிலாக அதன் முகத்தில் ஒட்டியிருந்த பனியைத் துடைத்துவிட்டது.

மூன்றும் நொண்டி நொண்டி அடிவாரத்துக்கு வந்தபோது நரி மூச்சிரைக்க ஓடி வந்தது. "அண்ணாச்சி! எமன் மூக்கைப் பாத்துட்டு உசுரோட வந்த முதல் ஆளு நீங்கதான்! ஊருக்குப் போய் ஜெயிச்சேன்னு சொல்லுங்க. கொம்பு எங்கேன்னு கேட்டா எமனுக்குக் காணிக்கை குடுத்தேன்னு சொல்லுங்க. நானே சாட்சி!"

மேகநாதனின் காது நிமிர்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது! குப்புற விழுந்தாலும் மீசையில் பனி ஒட்டவில்லை என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒன்பது குளமும் மாலை போடும். வாத்து வாயடைத்துப் போகும்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஒட்டகம் அங்கே வந்து சேர்ந்தது. பாலைவனத்தைச் சேர்ந்தது. பனியை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தது. பெரிய பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மேகநாதன் பக்கம் திரும்பியது.

"ஒருத்தரும் குறை சொன்னதில்லையாமே! நீங்க அங்கேயிருந்துதான் வர்றீங்களா ஐயா? எப்படி இருந்தது?"

நரி மேகநாதனைப் பார்த்துக் கண்ணடித்தது. மேகநாதன் ஒட்டகத்தின் நீளமான கால்களைப் பார்த்தது. அந்தக் கால்கள் அந்தரத்தில் தொங்கினால் எப்படி இருக்கும் என்று அதற்குத்தான் தெரியும்.

"விழுந்தேன்" என்றது மேகநாதன். "பயந்து அலறினேன். என் பெண்டாட்டி கத்தியிருக்காவிட்டால் இந்நேரம் நரிகளின் வயிற்றில் இருந்திருப்பேன். இங்கே குறை சொல்ல ஆள் இல்லாததற்குக் காரணம், குறை சொல்ல யாரும் மிஞ்சவில்லை. நான் மிஞ்சிவிட்டேன். குறை சொல்கிறேன்!"

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு டோல்மாவின் பக்கம் திரும்பியது. அடுத்த வார்த்தை எமன் மூக்கில் இறங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நான் கற்றுக்குட்டி. எனக்கு விழச் சொல்லித் தருவியா?"

"விழத்தான் இப்போ நல்லாவே தெரிஞ்சிருக்கே! நேரே ரெண்டாம் நாள் பாடத்துக்கு வாங்க" என்றது டோல்மா. ஒட்டகமும் பின்னாலேயே போனது. முயல்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இருவருக்கும் இடம் கொடுத்தன.

நரி சும்மா இருக்குமா? அன்று மாலையே பலகையை மாற்றி எழுதிவிட்டது: "இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒருவர்தான் குறை சொல்லியிருக்கிறார்!" அதைப் படித்துவிட்டு, "ஒருவர்தானே!" என்று வரிசையில் நிற்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆகையால், ஓரிடத்தைப் பற்றி யாருமே குறை சொன்னதில்லை என்று எவனாவது மார்தட்டினால், அங்கே போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்துவைக்க வேண்டும்.