காளையிடம் கடைந்த வெண்ணெய்

நெடுங்கரை நாட்டை ஆண்ட கண்டராயருக்கு எதிரிகளால் தொல்லை இல்லை, வெண்ணெயால்தான் தொல்லை. அரண்மனைப் பசுக்கள் குடம் குடமாய்க் கறந்தன. ஆனால் தயிரைக் கடையக் கடைய மத்து தேய்ந்ததே தவிர, வெண்ணெய் திரளவில்லை. நெய் மிதக்காத பொங்கலைப் பார்த்துப் பார்த்து அரசர் இளைத்துப்போனார். இளைத்ததாக அவர்தான் சொன்னார். அரியணை அப்படிச் சொல்லவில்லை.

புதுக் காளை விட்டால் அடுத்து வரும் கன்றுகளாவது தேறும் என்று எல்லையோரத் தேனூரிலிருந்து இரண்டு காளைகளை வரவழைத்தார்கள். ஒன்று ராஜகம்பீரம். மலைபோலத் திமில், வில்போலக் கொம்பு. மற்றது ஒட்டடை. பெயருக்கேற்ற உடம்பு.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அரசே? ராஜகம்பீரத்தின் நெற்றியிலேயே வம்சம் தெரிகிறது. ஒட்டடையைச் செக்கிழுக்க அனுப்பிவிடலாம்" என்றார் அமைச்சர் திருமேனிநாதர். தாத்தா காலத்திலிருந்தே அமைச்சர் குடும்பம். சாப்பிடும்போதும் வம்சம் என்ற சொல்லை விடமாட்டார்.

சபையின் கடைசி இருக்கையில் மருதப்பன் இருந்தான். அவன் குடும்பத்தில் அரண்மனைப் படி ஏறிய முதல் ஆள். வாயைத் திறக்கும் முன்பெல்லாம் அவனுக்கு உள்ளங்கை வியர்க்கும். இப்போதும் வியர்த்தது. இருந்தும் திறந்துவிட்டான்.

"கொம்பைப் பார்த்து வெண்ணெயைச் சொல்ல முடியாது, அரசே."

"வேறு எதைப் பார்த்துச் சொல்வதாம்?" என்று கேட்டார் அமைச்சர்.

"பாலைப் பார்த்துத்தான்."

சபை குலுங்கியது. "காளையின் பாலையா?" என்று அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, உங்கள் வீட்டில் காளையையும் கறப்பீர்களோ? அரசே, சொன்னவனே கொண்டுவரட்டும். முடியாவிட்டால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி ஊருக்கு அனுப்புவோம். விறகு வெட்டும் அப்பா வாசலில் நின்று வரவேற்கட்டும்."

அரசருக்கும் அன்று பொழுது போகவில்லை. "பௌர்ணமிக்குள் இரண்டு காளைகளின் பாலும் இங்கே வர வேண்டும், மருதப்பா" என்று சொல்லிவிட்டார்.

மருதப்பன் மொட்டைக்குப் பயப்படவில்லை. முடி வளர்ந்துவிடும். மகன் அரண்மனையில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் அப்பாவின் முகத்தை நினைத்துத்தான் பயந்தான். அன்றே தேனூருக்குக் கிளம்பினான்.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலை அரண்மனை முற்றத்தில் ஒரே தூசி. மருதப்பன் பசுக்களை இரண்டு மந்தையாக ஓட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இது என்ன?" என்றார் அரசர்.

"காளைகளின் பால், அரசே. காளைக்கு மடி கிடையாது. அதனால் தன் பாலை மகள்களிடம் கொடுத்து வைத்திருக்கிறது. இந்தப் பக்கம் நிற்பவை ராஜகம்பீரத்தின் மகள்கள். அந்தப் பக்கம் ஒட்டடையின் மகள்கள். எல்லாம் ஒரே மேய்ச்சல், ஒரே குளத்துத் தண்ணீர்."

"மகள்களின் பால் அவற்றின் தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாமே?" என்றார் அரசர்.

"இளவரசியின் கன்னத்துக் குழி யாருடையது, அரசே?"

"என் தாயாருடையது."

"அங்கிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தது யார்?"

அரசர் தன்னையறியாமல் தாடியைத் தடவிப் பார்த்தார். குழி எதுவும் தட்டுப்படவில்லை.

"அதற்கு இத்தனை மாடுகளா? ஒன்று போதாதா?" என்று முகம் சுளித்தார் அமைச்சர்.

"ஒரு பிள்ளையை வைத்துத் தகப்பனை எடை போட்டால் தப்பாகிவிடும், ஐயா."

அங்கேயே கறந்தார்கள். ராஜகம்பீரத்தின் மகள்கள் குடங்களை நுரை தளும்ப நிரப்பின. ஒட்டடையின் மகள்கள் பாதியோடு நிறுத்திக்கொண்டன. "கழுதையைப் பிடித்து வாருங்கள்!" என்று அமைச்சர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"உறைகுத்திக் கடைந்து பார்த்துவிடலாம், அரசே. குடங்களுக்கு அமைச்சரே முத்திரை வைக்கட்டும்" என்றான் மருதப்பன்.

மறுநாள் சபையிலேயே கடைந்தார்கள். ராஜகம்பீரத்தின் நிறைகுடங்களில் நெல்லிக்காய் நெல்லிக்காயாய் ஏதோ மிதந்தது. ஒட்டடையின் அரைக்குடங்களில் உருண்டையை எடுக்க இரண்டு கை வேண்டியிருந்தது. அரசர் விரலால் வழித்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார். கண் திறக்க வெகுநேரமாயிற்று.

"குடிக்க நிறையப் பால் வேண்டுமென்றால் ராஜகம்பீரம்தான் நல்லது, அரசே" என்றான் மருதப்பன். உள்ளதைச் சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. "வெண்ணெய் வேண்டுமென்றால் ஒட்டடை."

"ஒட்டடைக்குப் பட்டுத் துணி போர்த்துங்கள்!" என்றார் அரசர். "மருதப்பா, இனி நீ முன்வரிசையில் உட்கார்."

"அரசே!" அமைச்சர் பதறினார். "விறகு வெட்டி வீட்டுப் பிள்ளை முன்வரிசையிலா? என் தாத்தா யார், வம்சம் என்ன..."

"தாத்தா கதை போதும், திருமேனிநாதரே. புதுமுறைப்படி உம்மையும் பார்த்துவிடுவோம். உம் பிள்ளைகள் எப்படி?"

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. அமைச்சரின் மூத்த மகன் அடைமழைக் காலத்தில் அரசாங்க உப்பைக் காயப்போட்டவன். இளையவன் அதற்குக் காவல் இருந்தவன்.

அரசர் சிரித்தார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கிரீடம் காதுவரை இறங்கியும் நிறுத்தவில்லை.

அப்போது பக்கத்து ஆசனத்திலிருந்து, மீசையெல்லாம் வெண்ணெயோடு, பட்டத்து இளவரசர் கேட்டார்: "அதெல்லாம் சரி அப்பா, காளையைக் கறந்தது யார்? உதைக்கவில்லையா?"

சிரிப்பு நின்றது. சபையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அரசர் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"இந்த ஆராய்ச்சி மாடுகளோடு நிற்கட்டும்."

"எனக்கும் அதுதான் நல்லதாகப் படுகிறது, அரசே" என்றான் மருதப்பன்.

"மிகச் சரியாகச் சொன்னான், அரசே!" என்று முதல் ஆளாய்க் கைதட்டியவர் அமைச்சர் திருமேனிநாதர்.