செண்பகத்திடம் மறைத்த மூவர்

இந்தக் கதையில் மறைத்தவர்கள் மூன்று பேர். மூவரும் ஒரே குடும்பம். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்பேன். அதுவரை யார்மேலும் கோபப்படாமல் இருக்க முடிந்தால் இருங்கள்.

கோவில்பட்டியில் செண்பகம் என்று ஒரு பெண். அப்பா சுப்பையாவின் கூடப்பிறந்த தங்கை பேச்சியம்மாள். அவள் மகன் முத்துராஜைத்தான் கட்டியிருந்தாள். மாமியார் என்றாலும் சொந்த அத்தை. முதல் பிள்ளை செழியனுக்கு நாலு வயது. ஒரு வயதுக் குழந்தையின் குல்லா இன்னும் அவன் தலைக்குப் பொருந்தும். பேச்சு வரவில்லை. குக்கர் விசில் கேட்டால் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பான். அதற்காகவே சில நாள் வெறும் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைப்பாள் செண்பகம்.

அவன் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒரே வழக்கு.

"எங்க வழியில இப்படிக் கிடையாது. நாலு பெத்தேன், நாலும் கல்லு மாதிரி. அண்ணன் பொண்ணாச்சேன்னு எடுத்தேன், கோளாறையும் சேர்த்துக் கட்டி அனுப்பிட்டான்" என்பாள் பேச்சியம்மாள்.

"எம் பிள்ளைக மூணும் நல்லாத்தான் இருக்கு. ஓட்டை உங்க பக்கம்" என்பார் சுப்பையா.

ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேர், உன் வழி என் வழி என்று பிரித்துக்கொண்டு நான்கு வருடம் சண்டை போட்டார்கள்.

செண்பகம் மறுபடி உண்டானாள். டாக்டரம்மா சொன்னார்: "செழியனுக்கு இது பரம்பரையா வந்ததான்னு ரத்தத்துல பார்க்கலாம். அவன், நீங்க, உங்க வீட்டுக்காரர், மூணு பேர் ரத்தமும் வேணும். காரணம் தெரிஞ்சா, பதினாறாவது வாரம் வாக்கில வயித்துப் பிள்ளையையும் சோதிச்சுச் சொல்லிரலாம். ரெண்டு வீட்டுப் பெரியவங்ககிட்டயும் மூணு தலைமுறைப் பேரு எழுதி வாங்கிட்டு வாங்க. யாருக்காவது இப்படித் தலை சிறுத்து இருந்திருந்தா அதையும் எழுதச் சொல்லுங்க."

"எப்படிப் பொறந்தாலும் எம் பிள்ளைதான் டாக்டர். ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் பெறணும். என்னன்னே தெரியாம, செழியனுக்குப் பயிற்சி எதுவும் குடுக்காம ரெண்டு வருசத்த வீணாக்கிட்டேன்" என்றாள் செண்பகம்.

அண்ணனும் தங்கையும் ஒரு மேஜையில் உட்கார மறுத்தார்கள். ஆளுக்கொரு தாளில் எழுதினார்கள். இரண்டு தாளின் உச்சியிலும் அதே தாத்தா, அதே ஆச்சி. இரண்டிலும் அவர்களுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

இனி முத்துராஜ். அவன் மினிபஸ் டிரைவர். ஆஸ்பத்திரி வாசலில் நாளைக்கு எட்டு தடவை அவன் வண்டி நிற்கும். ஆனாலும் ரத்தம் கொடுக்க லீவு இல்லை என்றான். "ரத்தம் குடுத்தா தப்பு நம்ம மேலன்னு ஒத்துக்கிட்ட மாதிரி" என்று அவன் அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

"ஒரு ஊசிக்கு லீவா அத்தான்? வண்டிய நிறுத்திட்டு எறங்குங்க. பயமா இருந்தா பாசஞ்சர்ல ரெண்டு பேரு கையப் பிடிச்சுக்குவாங்க" என்றாள் செண்பகம். ஒருவழியாகப் பதினோராவது வாரம் கொடுத்துவிட்டு வந்தான். அம்மாவிடம் சொல்லாதே என்றான். ரிசல்ட்டுக்காக நீ அலையாதே, போகிற வழிதானே, நானே கேட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னான்.

அதன்பின் தினமும் இதேதான்.

"வந்துச்சா?"

"மெட்ராஸ்லேருந்து இன்னும் வரலையாம்."

இருபத்து மூன்றாவது வாரம் பொறுக்கமாட்டாமல் அவளே போய்க் கேட்டாள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பதினஞ்சாவது வாரமே அவர் கையில குடுத்து, உடனே உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னேனே. வேற ஊர்ல பார்த்துக்கிறோம்னு சொன்னாரே. இப்ப அந்தச் சோதனைக்கு நாள் தாண்டிப்போச்சும்மா."

பிறகு விளக்கினார். எந்த மரபணுவும் நமக்கு இரட்டையாக இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. செண்பகத்துக்கு ஒன்று பழுது, ஒன்று நல்லது. முத்துராஜுக்கும் அப்படியே. நல்லது ஒன்று இருப்பதால் இருவருக்கும் குறை வெளியே தெரியவில்லை. செழியனுக்கு இரண்டு பேரிடமிருந்தும் பழுதானதே வந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அப்படி நேரலாம். "சொந்தத்துல கட்டினா ஒரே தாத்தா பாட்டிகிட்டயிருந்து ரெண்டு பக்கமும் இறங்கியிருக்கும். பெரியவங்கள்ல யாருக்குமே இல்லைன்னா எழுதினாங்க?"

வீட்டுக்கு வந்து, அப்பாவையும் வரச்சொல்லி, அவரையும் அத்தையையும் நிற்கவைத்து அதையே கேட்டாள் செண்பகம். பேச்சியம்மாள் அண்ணனைப் பார்த்தாள்.

"சண்முகையாவ நீ எழுதலையா?"

"நீ எழுதினியா?"

தலை சிறுத்துப் பிறந்து, ஒன்பது வயதில் செத்துப்போன அவர்கள் தம்பி. எழுதினால் பழி மகள்மேல் விழும் என்று அண்ணன் மறைத்தார். மகன்மேல் விழும் என்று தங்கை மறைத்தாள். நான்கு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

செண்பகம் முத்துராஜ் பக்கம் திரும்பினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டு பேருக்கும்னு போட்டிருந்துச்சு. அம்மாகிட்ட எப்படிச் சொல்ல? நீயும் பயந்துருவேன்னு..."

"நானா?" என்றாள் செண்பகம்.

கதை இவ்வளவுதான். இந்த மூவரில் செண்பகத்துக்குப் பெரிய கேடு செய்தவர் யார்?

விடை: பெரியவர்கள் என்று சொல்லத் தோன்றும். சண்முகையாவின் பெயரைச் சொல்லியிருந்தால், கல்யாணத்துக்கு முன்பே யாராவது யோசித்திருக்கலாம். அது பெரிய தப்பு. ஆனால் அவர்கள் விட்ட பெயரை ரத்தம் சொல்லிவிட்டது. தாளில் இல்லாததால் சோதனை நின்றுபோகவில்லை. முத்துராஜ் மறைத்ததைச் சொல்ல வேறு ஆள் இல்லை. நாள் கடந்தால் அது உதவாது என்பதும் அவனுக்குத் தெரியும். அம்மா தினமும் மருமகள்மேல் சுமத்தும் பழியில் சரிபாதி தன்னுடையது என்று தெரிந்துகொண்டே, எட்டு வாரம் செண்பகம் போட்ட சோற்றைச் சாப்பிட்டான். ஆகவே அவன்தான். நாலில் மூன்று பங்கு நல்லபடி இருக்கும் என்று இப்போது அவளுக்குத் தைரியம் சொல்கிறான். அவள் எழுந்துபோய், செழியனுக்காகக் குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி வைக்கிறாள். பிரசவத்துக்கு இன்னும் பதினேழு வாரம் இருக்கிறது.