பல்லக்கில் போன ஆராய்ச்சி

கொன்றைநாட்டு ராஜா செண்பகமாறனுக்குப் படித்தவர்கள் என்றால் ஒரு மயக்கம். மற்றபடி நல்ல மனிதர்தான். ஆனால் பண்டிதர்கள் கூடும் வித்தியாசபையில் யாராவது தொண்டையைக் கனைத்தால் போதும், மறுநாள் அது நாட்டுக்குச் சட்டமாகிவிடும்.

அந்தச் சபைக்குத் தலைவர் உத்தண்ட பண்டிதர். தம் வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் நாட்டிலுள்ள கிணறுகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். அதை நம்பித் தோண்டிய இடத்திலெல்லாம் பாறைதான் வந்தது. பாறை மீதுதான் தப்பு என்று அதற்கும் ஒரு நூல் எழுதினார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பேரேரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஏரியைச் சுற்றியுள்ள பன்னிரண்டு ஊர்களால் வரி கட்ட முடியுமா என்று ராஜாவுக்குச் சந்தேகம்.

"நேரில் ஆராய்ந்து சொல்கிறேன்" என்று கிளம்பினார் உத்தண்டர்.

கிளம்பினார் என்றால் பல்லக்கில். ஊரெல்லை வரும்போது திரையை விலக்குவார், பார்ப்பார், மூடிக்கொள்வார். இறங்கவே இல்லை. புழுதி பட்டுவிடுமாம். இப்படிப் பன்னிரண்டு ஊரையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மகாராஜா! பஞ்சமாவது, ஒன்றாவது! ஊருக்கு ஊர் கொழுத்த பசு வாசலிலேயே நிற்கிறது. வரியை இரட்டிப்பாக்கலாம்."

"நீங்கள் பார்த்துச் சொன்னால் சரி. நாளைக்கே முரசறையச் சொல்கிறேன்" என்றார் ராஜா.

சேதி கேட்டு அன்று சாயங்காலமே, ஏரியோரத்து மேலக்கரை ஊர்த் தலைவர் வேலாண்டி, மந்திரி விடங்கன் வீட்டு வாசலில் வந்து நின்றார். விடங்கன் வாயாடி. அரண்மனையில் ஏழைகள் பேச்சுக்குக் காது கொடுக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

"ஐயா, வெதநெல்லையே குத்திக் கஞ்சி காய்ச்சிட்டோம். இதுல ரெட்டை வரின்னா ஊரைக் காலி பண்ணிட்டுப் போறதுதான் வழி" என்றார் வேலாண்டி. கண் கலங்கியிருந்தது.

"ஊருக்கு ஊர் கொழுத்த பசு நிற்கிறதாமே?"

வேலாண்டி தலையைச் சொறிந்தார். "ஊருக்கு ஊர் இல்லீங்க. எல்லா ஊருக்கும் அந்த ஒண்ணேதான்."

"எப்படி?"

"அரமனை ஆளு வந்தா எல்லையில பசுவ நிறுத்திப் பூரணகும்பம் வைக்கிறது எங்க வழக்கம். மாடெல்லாம் செத்துப்போச்சு. கீழக்கரைக் கோயில் பசு ஒண்ணுதான் பார்க்கிற மாதிரி இருந்துச்சு. பல்லக்கு ஏரியச் சுத்தி வருது. அதுக்குள்ள நாங்க பசுவக் காஞ்ச ஏரிக்குள்ள குறுக்கே ஓட்டி, அடுத்த ஊருல நிறுத்திட்டோம். வந்தவருக்கு மரியாதை குறையக் கூடாதில்லீங்களா?"

"பண்டிதருக்கு அடையாளம் தெரியவில்லையா?"

"இடது கொம்பு ஒடிஞ்ச பசுங்க. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

விடங்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காலையில் அந்தப் பசுவை ஓட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

மறுநாள் சபை கூடியது. விடங்கன் மிகவும் பணிவாக எழுந்தார்.

"பண்டிதரே, அந்தப் பசுக்களிடம் ஏதாவது விசேஷம் கண்டீர்களா?"

உத்தண்டர் பூரித்துப்போனார். "நல்லவேளை கேட்டீர்! ஓர் ஊர் தப்பாமல் எல்லாப் பசுவுக்கும் இடது கொம்பு ஒடிந்திருக்கிறது. ஏரிக்காற்றின் குணம் அது. இடப் பக்கமாக வீசி, கொம்பை வலுவிழக்கச் செய்கிறது. இதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறேன்."

"ஆகா!" என்றது சபை. தானும் இதை வெகுநாளாகச் சந்தேகித்து வந்ததாக ஓர் இளம் பண்டிதர் சொன்னார். தலையாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

"மகாராஜா, இவ்வளவு நுட்பமான உழைப்புக்குப் பரிசு வேண்டாமா?" என்றார் விடங்கன். "வரவேற்ற பன்னிரண்டு பசுக்களையும் பண்டிதருக்கே தானமாகக் கொடுங்கள். அவர் எண்ணி வாங்கிக்கொண்டதும் முரசறையலாம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

உத்தண்டருக்கு வாயெல்லாம் பல். "எங்கே, எங்கே?" என்று எல்லோருக்கும் முன்னால் வாசலுக்கு ஓடினார். பல்லக்கு இல்லாமல் அவர் நடந்ததை அன்றுதான் பலர் பார்த்தார்கள்.

வாசலில் வேலாண்டி நின்றார். அவர் கையில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு பசு. இடது கொம்பு ஒடிந்த பசு. பண்டிதரைக் கண்டதும் அது "அம்மா" என்றது. பன்னிரண்டு தரம் பார்த்த முகமாயிற்றே!

"மற்றவை எங்கே?" என்று கேட்டார் ராஜா.

விடங்கன் நடந்ததை எல்லாம் சொன்னார். ராஜாவின் முகம் சிவந்தது. "என் பண்டிதரையா ஏமாற்றினீர்கள்?" என்று வேலாண்டியைப் பார்த்து உறுமினார்.

"ஏமாற்றவில்லை, மகாராஜா" என்றார் விடங்கன். "இருந்த ஒரே பசுவை வைத்துத் தங்கள் ஆளுக்கு மரியாதை செய்தார்கள். ஏரியில் தண்ணீர் இருந்தால் பசு குறுக்கே நடந்திருக்குமா? ஒரே ஓர் ஊரில் இவர் இறங்கி, ஒரே ஒரு வீட்டு அடுப்பைப் பார்த்திருந்தால் போதுமே!"

ராஜா கிட்டே போய் அந்தப் பசுவின் ஒடிந்த கொம்பைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இந்த வருஷம் ஏரி ஊர்களுக்கு வரி கிடையாது. அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து விதைநெல்லும் கொடுங்கள்" என்றார். வேலாண்டி அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார்.

இந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும் சந்தடி செய்யாமல் நழுவியிருப்பார்கள். உத்தண்டர் படித்தவராயிற்றே! மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"வரி எப்படியோ போகட்டும். சபையறியக் கொடுத்த தானம் என்ன ஆவது? எனக்குப் பன்னிரண்டு பசு வந்தாக வேண்டும்!"

"தாராளமாக, சுவாமி" என்றார் விடங்கன். "யாரங்கே, பண்டிதரின் பல்லக்கைக் கொண்டுவாருங்கள்! சுவாமி, ஏறி உட்கார்ந்து இந்தப் பசுவைப் பன்னிரண்டு தரம் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் திரையை விலக்கி ஒரு தரம் பாருங்கள், மூடிக்கொள்ளுங்கள். அங்கே எண்ணின மாதிரியே இங்கேயும் எண்ணுங்கள், கணக்குச் சரியாக வந்துவிடும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் பசு மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. உத்தண்டரின் பன்னிரண்டு பசுக்களும் ஒரே ஓட்டமாகக் கீழக்கரைக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தன.