சூடு தணிந்த கார்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் வடிவுக்குப் பயம். தலைவலிக்காரன் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டால், டாக்டர் தரும் மருந்து வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்து தலையைத் தேடிக்கொண்டு திரியும். மெக்கானிக்கும் அப்படித்தானே. அதனால் போனைக் காதில் வைத்தவள், அந்தப் பக்கம் பீர்முகம்மது "சொல்லுங்கக்கா, சொல்லுங்க" என்று கெஞ்சிய பிறகும் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். வடிவும், கணவன் சங்கிலியும், கொழுந்தன் குருவையாவும் போன மாதம் வாங்கிய பழைய காரில் வன்னிக்குளம் சாஸ்தா கோயிலுக்குப் புறப்பட்டார்கள். அங்கே சங்கிலியின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்; அந்த மாமன் சங்கிலி. புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும். கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், காருக்குள் எண்ணெய் கருகுகிற வாசனை குப்பென்று வந்தது.

பக்கத்து வீட்டில் வடை சுடுகிறார்கள் என்றான் குருவையா. பக்கத்தில் வீடு இல்லை, பனைமரம்தான் இருந்தது. சங்கிலி கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டு, வடை இல்லை, அப்பளம் என்று தீர்ப்புச் சொன்னான். அதற்குமேல் தாங்காமல்தான் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி வடிவு போன் போட்டது.

"தம்பி, எண்ணெய் கருகுத வாசனை வருது. கடலெண்ணெய் இல்ல, நல்லெண்ணெய். தப்பா சொன்னா மனசுல வச்சுக்காதீங்க."

காரில் நல்லெண்ணெய் எங்கே இருந்து வரும் என்று பீர்முகம்மது சிரித்தான். பானெட்டைத் திறந்து, என்ஜின் ஆயில் பார்க்கிற கம்பியை உருவி, துணியால் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு எடுத்து, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான்.

குருவையா உருவினான், துடைத்தான், உள்ளே விட்டு எடுத்தான். எண்ணெய் இருந்தது. நாம் சரியாகத் துடைக்கவில்லை என்று மறுபடி துடைத்து, உள்ளே விட்டு எடுத்தான். மறுபடியும் இருந்தது. துண்டு கறுத்தது. அடுத்து, காதுகுத்துக்கென்று சங்கிலி கட்டியிருந்த பட்டுக்கரை வேட்டியின் முனை கறுத்தது. பிறகு மறுமுனை.

"துடைக்கத் துடைக்க ஊறுதுண்ணே."

"ஊத்துக்கண் இருக்கும்ல. நம்ம காலத்துல வத்தாது."

இதை வடிவு அப்படியே போனில் சொன்னாள். பீர்முகம்மது, வண்டியை அணைத்துவிட்டுத்தானே இதெல்லாம் செய்கிறீர்கள் என்று கேட்டான்.

"இன்னைக்கு அணைக்கக் கூடாதே தம்பி. எண்ணெய் தேச்சுக் குளிச்ச உடம்பு, பகல்ல தூங்கலாமா?"

"யாருக்கா குளிச்சா?"

"கார்தான்."

காரா குளித்தது என்று அவன் திரும்பக் கேட்டான். தப்பாகச் சொல்லிவிட்டோம் போல என்று பதறிப்போய் வடிவு முதலிலிருந்து விளக்கினாள். வண்டிக்குச் சூடு அதிகமாக இருக்கிறது, கவனியுங்கள் என்று போன வாரம் அவன்தானே சொன்னான்? கவனித்தார்கள். வெள்ளிக்கிழமை தேய்ப்பதா, புதன்கிழமையா என்று பெரிய பேச்சு நடந்தது. சொன்ன பேச்சு கேட்பதில்லை, போகிற இடத்தையும் சொல்வதில்லை, ஆகவே ஆம்பிளைதான், புதன்தான் என்று வடிவு முடித்துவைத்தாள். விடிந்ததும் மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை என்ஜின் முழுக்கத் தேய்த்தார்கள். சீயக்காய் கண்ணில் விழாமல் முன்விளக்குகளைத் துணியால் கட்டினார்கள். வெளியே அலசுவதற்குள் நேரமாகிவிட்டது; உள்ளே ஊறட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"எவ்வளவு எண்ணெய் ஊத்துனீங்க?"

"ஊத்தல தம்பி, தேச்சோம். உச்சியில மட்டும் ஒரு கை விட்டோம்."

தீப்பிடித்துவிடும், உடனே அணையுங்கள், கோயில்வரை தள்ளிக்கொண்டே போங்கள், நான் அங்கே வருகிறேன் என்று பீர்முகம்மது கத்தியது சங்கிலிக்கே கேட்டது. அவன் சாவியைத் திருப்பினான். என்ஜின் அடங்கியது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தூங்கிருச்சே மயினி," என்றான் குருவையா, எழவு வீட்டுக் குரலில்.

வடிவு ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சாவியைப் பாதி திருப்பி ஹாரனை அழுத்தினாள். அண்ணனும் தம்பியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். கண் அசந்துவிடாமல் அவள் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே வந்தாள். கோயிலில் கூடியிருந்தவர்கள் மணல் லாரி என்று நினைத்து வழிவிட்டார்கள்.

ராகுகாலம் பிறக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. கரி பூசிய வேட்டியோடு சங்கிலி ஓடிப்போய் மணையில் உட்கார்ந்தான். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளையை மடியில் வைத்தாள். வெளியே வடிவு ஹாரனை விடவில்லை. அந்தச் சத்தம் வந்த பக்கமே வேடிக்கை பார்த்த குழந்தை, ஆசாரி காது குத்தியதையே கவனிக்காமல் சிரித்தது. இந்த ஊரில் அழாமல் காது குத்திக்கொண்ட பிள்ளை இதுதான் என்று எல்லோரும் மெச்ச, தங்கையின் முகமும் இந்தப் பக்கம் திரும்பியது.

பீர்முகம்மது வந்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, என்ஜினைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவினான். எண்ணெய் எல்லாம் போயிற்று, ஈரம் காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போகலாம், பயமே இல்லை என்று சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தான்.

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. ஈரத் தலையோடு ஒரு உயிரை இந்தக் காற்றில் எப்படி நிறுத்திவைப்பது? நீர் கோத்துக்கொண்டால் யார் பார்ப்பது? வடிவுக்கு மனசு கேட்கவில்லை. பொங்கல் வைத்த அடுப்பிலிருந்து ஒரு சட்டி கங்கு அள்ளி, மேலே சாம்பிராணியைத் தாராளமாகத் தூவி, என்ஜின் பக்கத்தில் பத்திரமாக வைத்து, புகை வீணாகாமல் பானெட்டை இறுக மூடினாள்.

பாயசத்தை வழித்துக்கொண்டே பீர்முகம்மது குரல் கொடுத்தான். "அக்கா, இப்ப எண்ணெய் வாசனை வருதா?"

இந்தத் தடவை தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயமே வடிவுக்கு இல்லை.

"சுத்தமா போயிட்டு தம்பி. இப்ப புகை மட்டுந்தான் வருது."