நாலாவது கோர்

கம்ப்யூட்டரின் பிராசசரை அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டத் தெரிந்தவர் யார் என்று தூத்துக்குடியில் கேட்டால், அருள்நங்கையைக் கைகாட்டுவார்கள். பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். வயது முப்பத்தொன்று.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்த இருதயராஜுக்கு ஐம்பத்தெட்டு. உப்பளத்தில் மேஸ்திரி.

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி வேகம்?"

"மழைக்கு, டீச்சர்."

மூன்று வருடமாகத் தானே படித்து, வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அவர் மழைக் கணக்குப் போட்டுவந்தார். அதிகாலை மூன்றரைக்கு வானிலை விவரங்கள் வந்து இறங்கும். கணக்கு முடிய எட்டரை ஆகிவிடும். அளத்தில் ஆறு மணிக்கே உப்பு வாரத் தொடங்கிவிடுவார்கள். மழை வரும் என்று முன்னாலேயே தெரிந்தால் வாருவதை விட்டுவிட்டு, குவித்து வைத்ததைத் தார்ப்பாய் போட்டு மூடலாம்.

அவர் கொண்டுவந்த மெஷினை அருள்நங்கை திறந்து பார்த்தார்.

"கோர்னா கணக்குப் போடுத ஆளுன்னு வச்சுக்கோங்க. இதுக்குள்ள நாலு பேர் இருக்காங்க. ரெண்டு பேரைப் பூட்டி வச்சிருக்கு."

"ஏன் பூட்டணும்?"

"சிலது பழுதா இருக்கும். சிலது நல்லாவே இருக்கும், ரெண்டு கோர்னு விக்கதுக்காகப் பூட்டியிருப்பாங்க. திறந்து பாத்தாத்தான் தெரியும்."

மெஷினின் அடிப்படை அமைப்பான பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றினார். மெஷின் மறுபடி எழுந்தபோது திரையில் நான்கு என்று காட்டியது. இருதயராஜ் தன்னையறியாமல் கைகூப்பிவிட்டார்.

"அதுக்குள்ள கும்பிடாதீங்க" என்றார் அருள்நங்கை. சோதனையை ஓடவிட்டு, மறுநாள் சாயங்காலம்தான் மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பின் கணக்கு சரியாக ஆறு மணிக்கு முடிந்தது.

வேகத்தைக் கூட்டவும் சொல்லிக்கொடுத்தார். "ஒரு படி ஏத்துங்க. ஒரு நாள் முழுக்கச் சோதிங்க. அப்புறம்தான் அடுத்த படி. வோல்டேஜில கை வைக்காதீங்க."

இருதயராஜ் ஒரு மாதம் அப்படியே செய்தார். ஆனால் ஆறு மணிக்கு எல்லாரும் அளத்துக்கு வந்துவிடுகிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்புமுன்னே தெரிந்தால் எவ்வளவு நல்லது! ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு படிகளை ஒன்றாக ஏற்றினார். மெஷின் எழவில்லை. வோல்டேஜைக் கூட்டினார். எழுந்துவிட்டது. ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. இதற்கு மேல் என்ன சோதனை என்று விட்டுவிட்டார்.

ஐந்தேகாலுக்கெல்லாம் அவர் குரல் எல்லார் போனிலும் வந்தது. மூன்று வாரம் அளம் முழுக்க அண்ணாச்சியின் மெஷின் பற்றியே பேச்சு.

ஒரு வியாழக்கிழமை, "இன்னைக்கு மழை இல்ல, தைரியமா வாருங்க" என்று சொன்னார்.

பதினோரு மணிக்குப் பிடித்த மழை ஒரு மணி நேரம் விடவில்லை. முப்பது பெண்கள் காற்றோடு மல்லுக்கட்டித் தார்ப்பாயை இழுத்தார்கள். மூன்று நாள் வாரிய உப்பு கண்ணெதிரே கரைந்து ஓடியது.

யாரும் அவரைத் திட்டவில்லை. அந்தப் பெண்களில் லூர்தம்மாள் மட்டும் தலையில் கட்டியிருந்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "இத்தன நாள் சரியாத்தான அண்ணாச்சி சொன்னீங்க. நாளைக்கு எப்படி, மழை உண்டுமா?"

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மெஷினை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு அருள்நங்கை வீட்டுக்குப் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வோல்டேஜையும் சொன்னார்.

அருள்நங்கை மறுநாள் காலையில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த வியாழக்கிழமைக் கணக்கையே மறுபடி போடச் சொன்னார். முடிந்ததும் இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

முதல் தடவை: மழை இல்லை.

இரண்டாம் தடவை: முப்பது மில்லிமீட்டர்.

மூன்றாம் தடவை: நான்கு மில்லிமீட்டர்.

"தப்பா ஓடுனா மெஷின் நின்னுல்லா போகணும், டீச்சர்?"

"நின்னிருந்தா உப்பு தப்பிச்சிருக்கும்."

ஒன்பது நாள் மெஷின் அருள்நங்கை வீட்டில் இருந்தது. ஏற்றிய எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதித்தார். பிறகு ஒரு படி, ஒரு நாள். மறுபடி ஒரு படி, ஒரு நாள். இருதயராஜ் தினமும் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். உப்பு விளையும்வரை பாத்தியைப் பார்த்துக் காத்திருந்தே வயதானவர் அவர். இப்படி ஒரு பொறுமையை அவரும் பார்த்ததில்லை. ஒருநாள்கூட அருள்நங்கை, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள், "மூணு கோர் நல்லா இருக்கு" என்றார். "அந்த வோல்டேஜில நாலாவது கெட்டிருக்கு. அதை மூடிட்டேன். இனி ஆறேகாலுக்கு முடியும்."

"நாலாவது செத்துப்போச்சா டீச்சர்?"

"இல்லயே. கேட்டதுக்கெல்லாம் டக்டக்குனு பதில் சொல்லுது. எப்பவாவது ஒண்ணு தப்பு. எது தப்புன்னு அதுக்கே தெரியாது."

இருதயராஜ் மெஷினைத் தூக்கப் போனவர் நின்றார்.

"ஆறு மணிக்கே எல்லாரும் வந்து நிப்பாங்க. மழை உண்டுமான்னு என் முகத்தைப் பாப்பாங்க. அந்தக் கால் மணி நேரம் நான் என்ன சொல்ல?"

"தெரியலன்னு சொல்லுங்க, அண்ணாச்சி. நாலாவதுக்குச் சொல்ல வராதது அது ஒண்ணுதான்."