சவரிராஜின் புதுக்கோல்

ஒரு ஊரில் ஒரு ஸ்னூக்கர் கிளப் இருந்தது. ஊர் திருச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே பேக்கரி, மாடியில் கிளப். அங்கிருந்த பந்துகளுக்கெல்லாம் தங்கள் மேல் வெண்ணெய் பிஸ்கட் வாசனை அடிக்கிறது என்று ஒரு பெருமை உண்டு.

அந்த கிளப்பின் முதல் ஆட்டக்காரர் சவரிராஜ். டயர் கடைக்காரர். பந்தை அடிக்கிற அவருடைய பழைய கோல் நுனியில் விரிசல் விட்டதும் ஒரு புதுக்கோல் வாங்கி வந்தார். வழவழவென்று, கொஞ்சமும் கோணாமல், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக இருந்தது அது. பந்துகள் எட்டி எட்டிப் பார்த்தன.

முதல் அடி. பாக்கெட் வாசலிலேயே நின்றிருந்த நீலப் பந்து உள்ளே விழாமல், ஓரத்தில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

"ஏய் வெள்ளை, ஒழுங்கா இடிக்கத் தெரியாதா உனக்கு?" என்று நீலம் எரிந்து விழுந்தது.

"என்னை அனுப்புன இடத்துக்குப் போனேன். கோலைக் கேளு" என்றது வெள்ளைப் பந்து.

"கை தள்ளுன பக்கம்தானே நான் போனேன்?" என்றது புதுக்கோல்.

எல்லாப் பந்துகளுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சவரிராஜின் வலது கையையா குறை சொல்வது? ஜெயித்த கோப்பைகளையெல்லாம் தூக்கிக் காட்டிய கை அது. நேற்று வந்த குச்சிக்கு என்ன வாய்! கை மட்டும் பெரிய மனுஷத்தனமாகக் கோலின் நுனியில் சாக் தேய்த்துக்கொண்டிருந்தது.

சவரிராஜ் கோலின் நுனியில் ஒட்டிய டிப்பை மாற்றினார். சாக்கை மாற்றினார். எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பையும் மாற்றினார். பந்து மாறவில்லை. அடிக்கிற பந்தெல்லாம் இடது பக்கமாகவே விலகிப் போயிற்று.

"ஞாயித்துக்கிழமை தஞ்சாவூர்க்காரங்க போட்டிக்கு வர்றாங்க சவரி" என்றார் கிளப்பை நடத்தும் ஜமாலுதீன் பாய். "அன்னைக்கும் இது இப்படியே பண்ணுச்சுன்னா பேசாம பொதுக் கோலோட போட்டுருங்க. பழசுக்கு டேப் சுத்திக்கலாம்."

"அப்படித்தான் செய்யணும் பாய். மானம் போகுது."

புதுக்கோல் உறைக்குள் ஒடுங்கிக்கொண்டது. பொதுக் கோல்களின் பிழைப்பை அது பார்த்திருந்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் எடுத்து அடிப்பான். சோபாவுக்கு அடியில் உருண்ட பந்தைத் துழாவுவான். சமயத்தில் ஒட்டடையும் அடிப்பான்.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போனதும், அது உறையை விட்டு நழுவி, ஜன்னலோரச் சுவரில் சாய்ந்திருந்த பழங்கோலிடம் போனது.

"அண்ணே, உங்க காலத்துல சொன்ன இடத்துல பந்து விழுமாமே. அப்படி என்ன செஞ்சீங்க?"

"நானா? ஒண்ணும் செய்யலையே." பழங்கோல் சோம்பல் முறித்தது. "ஆட்டம் முடிஞ்சா இங்க வந்து சாஞ்சுக்குவேன். மழை பெஞ்சா சுவர் ஜில்லுனு இருக்கும், அது ஒரு சுகம். மத்ததெல்லாம் கை பாத்துக்கும்."

இவ்வளவுதானா என்று புதுக்கோலும் அந்த ஈரச் சுவரிலேயே சாய்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் பார்த்த சவரிராஜ் அலறிவிட்டார்.

"பாய்! யாரு பாய் இதை ஈரச் சுவத்துல சாத்துனது? வளைஞ்சு கிளைஞ்சு போயிருந்தா?"

அவசர அவசரமாக அதை மேஜையில் போட்டு உருட்டினார். கோல் சத்தமே இல்லாமல் ஒரே சீராக உருண்டு போய் எதிர்ப்பக்கம் நின்றது.

"தப்பிச்சுது" என்றார் பாய். "அப்படியே பழசையும் உருட்டிப் பாத்துருங்க. அதைத்தானே எடுக்கப் போறீங்க?"

பழங்கோலை உருட்டினார். கோட்டம் விழுந்த சைக்கிள் சக்கரம் மாதிரி அது தடக் தடக்கென்று குதித்தது.

பாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இந்தக் கோணலை வச்சா இத்தனை நாளும் என்னைத் தோக்கடிச்சீங்க?"

சவரிராஜ் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கோல் வலப்பக்கம் இழுக்க இழுக்க, இந்தக் கை இடப்பக்கம் தள்ளித் தள்ளி அடிச்சிருக்கு பாய். எனக்கே தெரியலை."

சாயங்கால ஆட்டத்துக்குப் புதுக்கோலையே எடுத்தார். தஞ்சாவூர்க்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடைசியில் மேஜையில் கறுப்புப் பந்து ஒன்றுதான் மிச்சம். விழுந்தால் வெற்றி, விழாவிட்டால் புதுக்கோலுக்கு ஒட்டடை.

கை பழக்கம்போல இடப்பக்கம் ஒதுங்கப் பார்த்தது.

"தள்ளாதீங்க" என்றது புதுக்கோல்.

"தள்ளலைன்னா போகாதுப்பா. எனக்குத் தெரியாதா?" என்றது கை.

"இந்த ஒரு தடவை என்னை நம்புங்க. நேரா விட்டா நான் நேரா போவேன்."

கைக்கு வியர்த்துக் கொட்டியது. தள்ளுவதைவிடத் தள்ளாமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது. பல் இருந்திருந்தால் கடித்துக்கொண்டிருக்கும். எப்படியோ அடக்கிக்கொண்டு, நேராக அடித்தது.

கறுப்பு பொத்தென்று பாக்கெட்டில் விழுந்தது. கிளப்பே அதிர்ந்தது. பாய் ஓடி வந்து சவரிராஜைக் கட்டிக்கொண்டார். புதுக்கோலுக்கு அழுகையே வந்துவிட்டது.

கைக்கு மட்டும் என்னவோ போல இருந்தது. அது ஜன்னல் பக்கம் திரும்பிப் பழங்கோலிடம் கேட்டது:

"அப்ப இத்தனை வருஷமா நான் பட்ட பாடெல்லாம் உன் கோணலுக்குத்தானா?"

பழங்கோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.